பாட்டியின் நோட்டும் நம் வீட்டு ஓவனும்

சென்ற இதழில், "வீட்டில் பழைய கேக், பிஸ்கட் குறிப்பு நோட்டு வைத்திருப்பவர்கள் உங்கள் சந்தேகங்களை எழுதுங்கள்" என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நோட்டின் பக்கத்தையே படம் எடுத்து இணைத்திருந்தீர்கள். நெய்க்கறை படிந்த பக்கங்களைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. பாளையங்கோட்டையில் பல வருஷம் ஹோம் சயின்ஸ் டீச்சராக இருந்தவள் நான். மாணவிகளிடம் அன்று சொன்னதையே உங்களிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

பழைய குறிப்பில் சில வரிகள் ருசிக்காக எழுதியவை. மற்ற வரிகள் அந்தக் காலத்துச் சிரமத்துக்காக எழுதியவை. "வெண்ணெயை மூன்று தண்ணீரில் கழுவவும்" என்று இருந்தால் பயப்பட வேண்டாம். கெடாமல் இருக்க அன்று வெண்ணெயில் உப்பை அள்ளிப் போட்டிருப்பார்கள், அதைப் போக்கத்தான் கழுவினார்கள். உப்பில்லாத வெண்ணெய் வாங்கினால் அந்த வரியே தேவையில்லை. "திராட்சையைக் கீறி விதை எடுக்கவும்", "முட்டைகளை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைக்கவும்", "மாவை வெயிலில் காயவைத்துச் சலிக்கவும்" எல்லாம் இந்த வகைதான். கிண்ணத்தில் தனியாக உடைப்பதை மட்டும் இன்றும் விடாதீர்கள். ஒரு அழுகிய முட்டை மொத்த மாவையும் கெடுத்துவிடும்.

எது எந்த வகை என்று தெரியாமல் மாற்றத் தொடங்கினால், பாட்டியின் பெயரில் வேறு ஏதோ ஒரு கேக்கைத்தான் சாப்பிடுவோம். இனி கடிதங்கள்.

எங்கள் ஆச்சியின் நோட்டில், "வெண்ணெய் 1 ராத்தல், சீனி 1 ராத்தல், மைதா 1 ராத்தல், முட்டை 12" என்று இருக்கிறது. பேக்கிங் பவுடர் இல்லவே இல்லை. எழுத மறந்துவிட்டார்களா? போடாமல் செய்தால் கல் மாதிரி வராதா, டீச்சர்?
– வாசகி, நாகர்கோவில்

ஆச்சி எதையும் மறக்கவில்லை, மகளே. இது பவுண்ட் கேக். நான்கு பொருளும் ஆளுக்கு ஒரு ராத்தல் எடை, அவ்வளவுதான் குறிப்பு. பேக்கிங் பவுடரை இங்கிலாந்தில் பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட் 1843இல்தான் உருவாக்கினார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது, அதனால் ஈஸ்ட் இல்லாமல் மாவை உப்பவைக்க வழி தேடினார். பவுண்ட் கேக் அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் "ஒரு மணி நேரம் கையால் அடிக்கவும்" என்றே இருக்கும். அந்த ஒரு மணி நேர அடிதான் அன்றைய பேக்கிங் பவுடர். சீனியின் முனைகள் வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே அடைக்கின்றன. ஓவன் சூட்டில் அந்தக் காற்று விரிந்து கேக்கைத் தூக்குகிறது.

இப்போது அளவு. ஒரு ராத்தல் என்பது 454 கிராம். இன்றைய குடும்பத்துக்கு அது அதிகம். பாதி செய்யுங்கள்: வெண்ணெய், பொடித்த சீனி, மைதா மூன்றும் தலா 225 கிராம். முட்டையை எண்ணாதீர்கள், எடை போடுங்கள். ஆச்சி காலத்து முட்டை நாட்டுக்கோழி முட்டை, சின்னது. ஓடு நீக்கினால் 35 முதல் 40 கிராம்தான் வரும். அதனால்தான் ஒரு ராத்தலுக்கு 12. கடையில் வாங்கும் பண்ணை முட்டை ஓடு நீக்கி ஏறக்குறைய 50 கிராம் இருக்கும். 12 என்று படித்து 12 பண்ணை முட்டை உடைத்து ஊற்றினால் கேக்கில் முட்டை வாடை தூக்கலாக இருக்கும், ரப்பர் போல இழுக்கும். ஓடு நீக்கிய முட்டை 225 கிராம் வர வேண்டும். நாலரை முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதை அடித்துப் பாதி ஊற்றலாம்.

நம் ஊரில் பவுண்ட் கேக் கெடுவது பெரும்பாலும் வெண்ணெயில்தான். "வெண்ணெயை அறைச் சூட்டில் வைக்கவும்" என்று எழுதியவர்களின் அறை 20 டிகிரி. நாகர்கோவிலில் மதியம் வெளியே வைத்தால் வெண்ணெய் எண்ணெயாகிவிடும். எண்ணெயான வெண்ணெய் காற்றைப் பிடித்து வைக்காது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளப்புத் தெரியக் கூடாது. அந்தப் பதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கும்போது இளகினால் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் உட்காரவைத்து அடியுங்கள். மின்சார பீட்டரில் எட்டு, பத்து நிமிஷம் போதும். நிறம் வெளுத்து, கலவை லேசாக ஆக வேண்டும். முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். திரிந்தாற்போல் தெரிந்தால் ஒரு கரண்டி மைதா சேர்த்தால் சேர்ந்து வரும். மீதி மைதாவைக் கரண்டியால் மெதுவாக மடித்துச் சேர்த்து, 160 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு குச்சியால் குத்திப் பாருங்கள், ஈரமாக இருந்தால் இன்னும் பத்து நிமிஷம்.

முதல் முறை பேக்கிங் பவுடர் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கேக் இறுக்கமாக, நெருங்கிய இழையோடு, மெல்லிய துண்டாக நறுக்க வருவதாக இருக்கும். கல்லாக இருக்காது. அது இந்தக் கேக்கின் குணம். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் லேசாக வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னால் அடுத்த முறை அரை டீஸ்பூன் சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

தாத்தா பேக்கரி வைத்திருந்தார். அவர் குறிப்பில் வீசை, பலம், சேர், பைண்ட் எல்லாம் கலந்து வருகிறது. கிராமில் எப்படி மாற்றுவது?
– வாசகர், சிவகாசி

பலம் 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. சேரில் கவனம் வேண்டும். சென்னை மாகாணத்துச் சேர் 8 பலம், 280 கிராம்தான். வடக்கே புழங்கிய 80 தோலா சேர் 933 கிராம். தாத்தா சிவகாசியில் எழுதியதென்றால் சின்னச் சேர் என்று எடுத்துக்கொண்டு, மற்ற பொருள்களோடு பொருந்துகிறதா பாருங்கள். மாவு 1 சேர், வெண்ணெய் 4 பலம் என்றால் 280க்கு 140, பன்னுக்குக் கொஞ்சம் அதிகம், பிஸ்கட்டுக்குச் சரி. கணக்கு ஒத்துவரும்.

மெட்ரிக் முறைக்கு நம் நாட்டில் 1956இல் சட்டம் வந்து, 1960களின் தொடக்கத்தில் முழுதாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நோட்டுகளில் இந்தக் கலப்பு இருக்கத்தான் செய்யும். அவுன்ஸ் 28 கிராம், பாலுக்கும் தண்ணீருக்கும் 28 மில்லி. ஆங்கிலேயர் பைண்ட் 568 மில்லி, அமெரிக்கர் பைண்ட் 473 மில்லி. மிஷன் பள்ளிகளில் அமெரிக்க மிஷனரிகளிடம் கற்ற குறிப்பாக இருந்தால் இரண்டாவது அளவை எடுங்கள். ஆழாக்கு, உழக்கு ஊருக்கு ஊர் மாறும். அந்த அளவில் எழுதியிருந்தால் மாவுக்கும் சீனிக்கும் ஒரே ஆழாக்கைப் பயன்படுத்தினால் போதும், விகிதம் சரியாக நிற்கும்.

"மிதமான சூட்டில் சுடவும்" என்று மட்டும் இருக்கிறது. என் ஓவனில் எத்தனை டிகிரி?
– வாசகி, கோயம்புத்தூர்

180. "மந்தமான சூடு" என்றால் 150, "நல்ல சூடு" என்றால் 200 முதல் 220. பழைய பிரிட்டிஷ் குறிப்பில் "கேஸ் மார்க் 4" என்று இருந்தாலும் 180தான். சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் கேஸ் அடுப்பு அங்கே 1923இல் வந்தபிறகுதான் இந்த எண்கள் வந்தன. அதற்கு முன் ஓவனுக்குள் வெள்ளைக் காகிதத்தை வைத்து, அது என்ன நிறத்துக்கு மாறுகிறது என்று பார்ப்பார்கள். கருகினால் அதிக சூடு, பழுப்பானால் கேக்குக்குச் சரி. ஃபேன் ஓடும் ஓவன் என்றால் நான் சொன்னதில் 20 டிகிரி குறையுங்கள்.

நம் ஊர் விறகு அடுப்புப் பேக்கரிகளில் சூடு ஏறி இறங்கும் போக்கிலேயே வேலையை வகுத்திருந்தார்கள். அடுப்பைக் காய்ச்சித் தணலை ஒதுக்கியவுடன் ரொட்டி, அடுத்து பன், பிறகு கேக், கடைசியாக அணையும் சூட்டில் மக்ரூன் மாதிரி காய வேண்டியவை. டிசம்பரில் எங்கள் பக்கம் வீட்டில் மாவு கலக்கி, டின்னில் பெயர் எழுதி ஒட்டி, பேக்கரிக்குக் கொடுத்துச் சுட்டு வாங்குவார்கள். அந்த நாட்களின் குறிப்பில் நேரம், சூடு இரண்டுமே இருக்காது. பேக்கரிக்காரரின் கை பார்த்துக்கொண்டது. அப்படிப்பட்ட குறிப்பானால் பழக்கேக்குக்கு 150, சாதாரணக் கேக்குக்கு 170 என்று வைத்து, குச்சியை நம்புங்கள். ஓவனுக்குள் வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். திருகும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பல ஓவன்களில் ஒத்துப்போவதில்லை.

எங்கள் அம்மம்மாவின் லவ் கேக் குறிப்பில் 25 முட்டை மஞ்சள் கருவும் ஒரு ராத்தல் சீனியும் போட்டிருக்கிறது. இந்தக் காலத்தில் இதை யார் சாப்பிடுவது? குறைத்துச் செய்ய வழி சொல்லுங்கள். பூசணி இனிப்பும் இங்கே கிடைப்பதில்லை.
– கொழும்பிலிருந்து திருச்சிக்கு வந்து குடியேறிய வாசகி

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் பிரித்து வைத்தேன். இலங்கையின் கிறிஸ்துமஸ் மேசையில் எனக்கு ரொம்பப் பிடித்தது லவ் கேக். ரவை, முந்திரி, பூசணி இனிப்பு, தேன், ரோஜாப் பன்னீர், பட்டை, ஏலம், சாதிக்காய், எலுமிச்சைத் தோல் எல்லாம் சேரும். மேலே மொரமொரப்பான தோல், உள்ளே ஈரம். போர்த்துக்கீசியர் வழியில் வந்து, பறங்கியர் (ஐரோப்பிய வம்சாவளி இலங்கையர்) வீடுகளில் வளர்ந்து, இலங்கைச் சமூகங்கள் எல்லாவற்றுக்கும் சொந்தமான கேக் அது. புதுச்சேரியின் விவிகம் கேக்கும் ரவையில்தான் நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பாருங்கள், உறவு தெரியும்.

முட்டை. 25 என்பது நாட்டுக்கோழி முட்டை, அதுவும் கேக் மலைபோல் பெரிதாகச் செய்யும் நாளுக்கு. ரவை 225 கிராம் எடுத்தால் 10 மஞ்சள் கரு தாராளம். 4 வெள்ளைக் கருவை நுரைக்க அடித்துக் கடைசியில் மடித்துச் சேர்த்தால் கனமும் குறையும். மஞ்சள் கருவை இதற்குக் கீழே இறக்காதீர்கள். இறக்கினால் உள்ளே இருக்கும் அந்த ஈரமான பிசுபிசுப்புப் போய், ரவை உதிரும்.

சீனியில் கவனமாக இருங்கள். இனிப்புக்கு மட்டும் அது இல்லை, ஈரத்தைப் பிடித்து வைப்பதும் மேல்தோலை மொரமொரவென்று ஆக்குவதும் அதுதான். ஒரு ராத்தலில் கால் பாகம் குறைக்கலாம், 340 கிராம் வரை இறங்கலாம். அதற்குமேல் குறைத்தால் அம்மம்மாவின் கேக் அது இல்லை. அதைவிட, ஒவ்வொரு துண்டையும் சின்னச் சதுரமாக வெட்டிக் கொடுங்கள். சொல்லப்போனால் பழைய வீடுகளில் அப்படித்தான் பரிமாறினார்கள், ஒரு கடி அளவுக்கு மேல் பெரிய துண்டை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

பூசணி இனிப்புக்குக் கவலைப்படாதீர்கள். வடநாட்டு இனிப்புக் கடைகளில் கிடைக்கும் ஆக்ரா பேட்டாவும் நீற்றுப்பூசணியில் செய்ததுதான். பன்னீர் வாசமோ குங்குமப்பூவோ சேர்க்காத வெள்ளைப் பேட்டா வாங்கி, மேலே ஒட்டியிருக்கும் சீனியை ஒரு முறை அலசி, துடைத்து, பொடியாக நறுக்குங்கள். 150 கிராம் போதும். முந்திரி 225 கிராமைப் பொடியாக நறுக்குங்கள், மாவாக அரைக்காதீர்கள். பல்லில் கடிபட வேண்டும். ரவையை வெறும் வாணலியில் சூடேற வறுத்து, இளஞ்சூட்டில் 170 கிராம் வெண்ணெயோடு பிசறி வைத்துவிட்டால் கேக் மறுநாளும் காயாது. டின்னுக்குள் இரண்டு மூன்று மடிப்புக் காகிதம் போடச் சொல்லியிருப்பார்கள். அதை விடாதீர்கள், 150 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம் இருக்கப்போகிறது, அடி கருகும். வெளியே பழைய செய்தித்தாள், கேக் தொடும் பக்கம் பட்டர் பேப்பர்.

மிச்சம் 6 வெள்ளைக் கரு இருக்கும். அதை வீணாக்க வேண்டாம், தூத்துக்குடி மக்ரூன் செய்யுங்கள். முந்திரி மரத்தையே இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள், 16ஆம் நூற்றாண்டில். ஒரே வரலாற்றின் மஞ்சள் கரு கொழும்பில், வெள்ளைக் கரு தூத்துக்குடியில்! வெள்ளைக் கரு 4க்குச் சீனி 200 கிராம், முந்திரித் தூள் 200 கிராம். வெள்ளைக் கருவையும் சீனியையும் கவிழ்த்தால் விழாத அளவுக்கு அடித்து, முந்திரித் தூளை மெதுவாகக் கலந்து, கூம்பாகப் பிழிந்து, 110 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் காயவிடுங்கள். அங்கே விறகு அடுப்பின் அணையும் சூடு செய்யும் வேலையை உங்கள் ஓவன் செய்யும்.

அம்மாவின் பர்த்டே கேக் ஐசிங் டால்டாவும் ஐசிங் சீனியும் மட்டும்தான். சின்ன வயசு ருசி அது. ஆனால் வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், மதுரை

வீட்டில் சொல்வது சரி, தம்பி. 1937இல் டால்டா வந்தபோது வெண்ணெய்க்கு மலிவான மாற்று என்று நம் வீடுகள் அதை ஏற்றுக்கொண்டன. ஐசிங்குக்கு அது தோதாக இருந்தது, மதுரை வெயிலிலும் உருகாது, வெள்ளை வெளேர் என்று நிற்கும். டால்டா போன்ற பழைய வனஸ்பதியில் இருந்த, இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்புதான் சிக்கல். 2022 ஜனவரி முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆகவே இன்று கடையில் இருப்பது அம்மா வாங்கியதும் அல்ல.

ருசி வேண்டுமென்றால் வெண்ணெய்க்கு மாறுங்கள், ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்றாதீர்கள். வனஸ்பதி முழுக்கக் கொழுப்பு. வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம்தான், மீதியில் பெரும்பாலும் தண்ணீர். கேக் மாவில் 100 கிராம் டால்டா இருந்த இடத்தில் 120 கிராம் உப்பில்லாத வெண்ணெய் போட்டு, பாலில் ஒரு டேபிள்ஸ்பூனைக் குறையுங்கள். ஐசிங்குக்கு 100 கிராம் வெண்ணெய்க்கு 200 கிராம் ஐசிங் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, அதே வெனிலா எசன்ஸ். நிறம் வெளுக்க வெண்ணெயை மட்டும் முதலில் ஐந்து நிமிஷம் அடியுங்கள். வெட்டும் நேரம் வரை ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். அம்மா போட்ட சிவப்பு ரோஜாப் பூக்களை மறக்காமல் பிழியுங்கள், அந்தக் கேக்கில் பாதி ருசி அதில்தான்.

லண்டனில் இருக்கிறேன், அக்கா. இங்கே ஒரு சர்ச் விற்பனையில் போர்க்காலக் கையெழுத்து நோட்டு ஒன்று கிடைத்தது. "டிரைடு எக் 2", "நேஷனல் ஃபிளவர்" என்றெல்லாம் இருக்கிறது. செய்து பார்க்க ஆசை. இதெல்லாம் என்ன?
– வாசகி, லண்டன்

நல்ல பொக்கிஷம் கிடைத்திருக்கிறது உங்களுக்கு. பிரிட்டனில் 1940 ஜனவரியில் வெண்ணெய், சீனி, பேக்கன் (உப்பிட்ட பன்றிக் கறி) ஆகியவற்றுக்கு ரேஷன் தொடங்கி, கடைசிப் பொருளுக்கு 1954 ஜூலையில்தான் முடிந்தது. போர் முடிந்த பிறகும் ஒன்பது வருஷம். அந்த நோட்டை எழுதியவர் பிள்ளைகளின் பிறந்தநாள்களை இந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் நடத்தியிருப்பார். எனக்கு அந்தக் குறிப்புகள் மேல் தனி மரியாதை உண்டு.

டிரைடு எக் என்பது முட்டைத் தூள். ஒரு டேபிள்ஸ்பூன் தூளுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர், அது ஒரு முட்டை. எனவே 2 என்று இருந்தால் இரண்டு முட்டை உடைத்து ஊற்றுங்கள், முடிந்தது. நேஷனல் ஃபிளவர் 1942இல் வந்த பழுப்பு மாவு, கோதுமையில் 85 சதவீதம் மாவாக அரைத்தது. மைதாவும் முழுக்கோதுமை மாவும் சரிபாதி கலந்தால் அதற்கு நெருக்கமாக வரும். முழு மைதாவில் செய்தால் கேக் இன்னும் நன்றாக வரும்தான், ஆனால் ஒரு முறையாவது அந்தப் பழுப்பு மாவிலேயே செய்து சாப்பிட்டுப் பாருங்கள். காரட்டையும் பேரீச்சம்பழத்தையும் சீனிக்குப் பதில் ஏன் அவ்வளவு சேர்த்தார்கள் என்று நாக்குக்குப் புரியும்.

அதே காலத்தில் அமெரிக்க வீடுகளில் பரவிய ஒரு சாக்லேட் கேக்கை இங்கே எழுதிவிடுகிறேன். முட்டை, பால், வெண்ணெய் மூன்றும் இல்லாதது. சைவ வாசகர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். மைதா 190 கிராம், சீனி 200 கிராம், கோகோ 3 டேபிள்ஸ்பூன், சோடா உப்பு 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இவற்றைக் கலந்து, 6 டேபிள்ஸ்பூன் எண்ணெய், 1 டேபிள்ஸ்பூன் வினிகர், 1 டீஸ்பூன் வெனிலா, 240 மில்லி தண்ணீர் ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கி உடனே ஓவனில் வையுங்கள். 8 அங்குல டின், 180 டிகிரி, 30 முதல் 35 நிமிஷம். வினிகரும் சோடாவும் சேர்ந்தவுடன் நுரைக்கத் தொடங்கிவிடும், மாவைக் காத்திருக்க வைத்தால் நுரை அடங்கி கேக் அமுங்கிவிடும். நல்லெண்ணெய் வேண்டாம், வாசம் ஓங்கும். இந்தக் கேக்கில் நான் எதையும் மாற்றுவதில்லை. இல்லாமையிலிருந்து பிறந்திருந்தாலும் குறையே இல்லாத குறிப்பு.

பன் குறிப்பில் "கள் 4 அவுன்ஸ்" என்று இருக்கிறது. பிஸ்கட் குறிப்பில் "அம்மோனியா". இரண்டையும் விட்டுவிடலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

விட்டால் இரண்டுமே எழும்பாது. கள்ளில் இருப்பது இயற்கை ஈஸ்ட். தலச்சேரியில் 1883இல் மாம்பள்ளி பாபு என்பவர், மர்டாக் பிரவுன் என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளி கேட்டுக்கொண்டதற்காகச் செய்த புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கேக்கிலும் பிரெஞ்சு பிராந்திக்குப் பதில் உள்ளூர்ச் சாராயம்தான் போனதாகச் சொல்வார்கள். கிடைப்பதை வைத்து வேலையை முடித்தவர்கள் அவர்கள். உங்கள் பன்னுக்கு 4 அவுன்ஸ் கள்ளுக்குப் பதில் 110 மில்லி இளநீரில் ஒரு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கரைத்து, நுரைத்ததும் ஊற்றுங்கள். கள்ளின் லேசான புளிப்பு வேண்டுமென்றால் மாவை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சுடுங்கள்.

அம்மோனியா என்பது பேக்கரிக்காரர்கள் பயன்படுத்தும் அம்மோனியம் கார்பனேட் உப்பு. மெல்லிய பிஸ்கட்டில் சூடு ஏறியதும் வாயு முழுக்க வெளியேறி, கடக்கென்று உடையும் மொறுமொறுப்பைக் கொடுக்கும். கேக்கில் போடவே கூடாது, தடித்த மாவுக்குள் வாடை அடைபட்டுவிடும். கிடைக்காவிட்டால் அதே அளவு பேக்கிங் பவுடர் போட்டு, 150 டிகிரியில் கொஞ்சம் கூடுதல் நேரம் காயவிடுங்கள். மொறுமொறுப்பு ஒரு படி குறையும், ருசி குறையாது. அம்மோனியா போட்ட பச்சை மாவைப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியார் வைத்திருந்த பிரெஞ்சு பிஸ்கட் குறிப்பில் "கசப்பு பாதாம் சில" என்று உள்ளது. எங்கே வாங்குவது?
– வாசகி, புதுச்சேரி

வாங்க வேண்டாம். கசப்பு பாதாமைப் பச்சையாக அரைக்கும்போது சயனைடு உண்டாகும். அந்தக் காலத்தில் வாசத்துக்காக நாலைந்து சேர்த்தார்கள். இனிப்பு பாதாமோடு சில துளி பாதாம் எசன்ஸ் போடுங்கள், அதே வாசம் வரும். பழைய குறிப்பில் நான் யோசிக்காமல் அடித்துவிடச் சொல்லும் வரிகளில் இது ஒன்று. மற்றது, வேகாத ஐசிங்கில் பச்சை வெள்ளைக் கரு. கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கொதிக்கும் சீனிப் பாகை ஊற்றி அடிக்கும் ஐசிங்குக்கு மாறிக்கொள்ளுங்கள்.

எங்கள் பாட்டிக்கு 84 வயது. நெய் பிஸ்கட், ரவை கேக் இரண்டும் அவர் கைப்பக்குவம். அளவு கேட்டால் "கண்ணுக்குத் தெரியும்மா" என்கிறார். எப்படி எழுதி வைப்பது?
– வாசகி, பாளையங்கோட்டை

நம் ஊர்க்காரரா! பாட்டியைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். ஒரு மின்னணுத் தராசு வாங்கி, அவர் வழக்கமாகப் பிசையும் அதே பாத்திரத்தைத் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். அவர் தன் போக்கில் கைப்பிடி கைப்பிடியாகப் போடட்டும். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நீங்கள் எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி பூஜ்யமாக்குங்கள். நெய் கடைசியில் "இன்னும் கொஞ்சம்" என்று ஊற்றுவாரே, அதைத் தனி வரியாக எழுதுங்கள். அன்றைய மாவு காய்ந்திருந்ததால் ஊற்றியதாக இருக்கலாம். அதனால் இன்னொரு நாளும் இதையே செய்யுங்கள், மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை. இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் அளவு.

அவர் பயன்படுத்தும் டம்ளரின் கொள்ளளவையும் எழுதி வையுங்கள். நிறையத் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, டம்ளரின் எடையைக் கழித்தால் எத்தனை கிராமோ அத்தனை மில்லி. மாவு பிசைந்து முடித்த பதத்தைப் படம் எடுப்பதைவிடச் சின்ன வீடியோவாக எடுங்கள். பிடித்தால் உருண்டையாகி, அழுத்தினால் உடைகிற அந்த நொடி படத்தில் தெரியாது. ரவை கேக் அளவு கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், பாட்டியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு டிசம்பர் இதழில் போடுகிறேன்.